ஹான் சாரின் ஒன்பது சலான்கள்

கொரட்டூர் கிறிஸ்துதாஸ் நாகவல்லிக்கு முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். நாகவல்லி அவருடைய பட்டறையில் பதினாலு வருஷம் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டியவள். கைநீட்டி வாங்கிய கடன் இல்லை இது. கொடுக்காமல் விட்ட சம்பளம். இரண்டரை மாதச் சம்பளமும் ஒரு தீபாவளி போனஸும்.

இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. ஏனென்றால் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கிறிஸ்துதாஸைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் 'ஒரு பைசா பாக்கி வைக்காத மனுஷன்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்படிச் சொல்ல ஆரம்பித்ததே அவர்தான் என்பது வேறு விஷயம்.

சொல்லிக்கொள்ளத் தகுதி இருந்தது. படிப்பு அஞ்சாங்கிளாஸ். பன்னிரண்டு வயதில் எஸ்டேட்டுக்குள் எண்ணெய் துடைக்கப் போனவர், இருபத்தாறில் பழைய பத்து டன் பிரஸ் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். நாற்பதில் ஐந்து பிரஸ், ஏழு ஆட்கள். தகட்டைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு தடவு தடவி அதன் கனத்தைச் சொல்லிவிடுவார். பெரிய பெரிய இஞ்சினியர்கள் அளவுக் கருவியை வைத்துக்கொண்டு பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்கள். அதில் ஜெயித்த டீயும் பஜ்ஜியும் மட்டும் எழுதி வைத்திருந்தால் ஒரு நோட்டு நிரம்பியிருக்கும்.

இடது கை மோதிர விரலின் நுனி மட்டும் பிரஸ்ஸுக்குப் போய்விட்டது. தைத்து ஆறியபின் அந்த இடத்தில் ஊசியால் குத்தினாலும் தெரியாது. ரோஸி இறந்தபிறகு உடம்பு முழுக்க அந்த நுனியைப் போல ஆகிவிட்டது கிறிஸ்துதாஸுக்கு. சாப்பிட்டால் சாப்பிட்டது தெரியும், ருசி தெரியாது. பேருந்தில் யாராவது காலை மிதித்தால், மிதித்தவன் மன்னிப்புக் கேட்டபிறகுதான் குனிந்து பார்ப்பார்.

ரோஸி அவருடைய மனைவி. பிள்ளைகள் இல்லை. அவள் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த அதே சமயத்தில்தான் திருமழிசையில் இருந்த கொரியாக்காரர்களின் சின்னக் கம்பெனி ஒன்று இரவோடு இரவாகப் பூட்டிக்கொண்டது. கிறிஸ்துதாஸ் அடித்துக் கொடுத்த பிராக்கெட்டுகள் ஒன்பது லோடு, ஒன்பது டெலிவரி சலான், ஆகமொத்தம் இரண்டு லட்சத்து எழுபத்து நாலாயிரம் ரூபாய் அதோடு போயிற்று. அந்தக் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்த்தவர் ஹான் சார். ஆறு வருஷம் குமணன்சாவடியில் குடியிருந்தவர். தமிழையே பட்டறைகளில் நின்று நின்று கற்றவர். "தாஸண்ணே, பணம் வரும், கண்டிப்பா வரும்" என்பதுதான் அவர் ஊருக்குப் போகுமுன் சொன்ன கடைசி வார்த்தை.

பணம் வரவில்லை. கிறிஸ்துதாஸ் பிரஸ்களை ஒவ்வொன்றாக விற்றார். மூன்று பிரஸ் விற்ற காசு ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. இரண்டை விற்று ஆறு ஆட்களின் கணக்கைத் தீர்த்தார். ஏழாவது ஆள் நாகவல்லி. "மொத ரோஸியம்மாவப் பாருங்க மொதலாளி, என்துக்கு இன்னா அவசரம்" என்று அவளே ஒதுங்கிக்கொண்டாள்.

ரோஸி போவதற்கு முந்தின வாரம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "இன்னாங்க, நாகவல்லி காசக் குடுத்துடுங்க" என்றாள். "குடுத்துடறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

இப்போது வருகிற புதன்கிழமை ரோஸியின் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. கோயிலில் பெயர் வாசிப்பார்கள், பிறகு கல்லறைக்குப் போவார்கள். நாகவல்லி வேறு சாமி கும்பிடுகிறவள்தான். ஆனாலும் ரோஸியின் அடக்கத்துக்கும் வந்தாள், நாற்பதாம் நாளுக்கும் வந்தாள், புதன்கிழமையும் வருவாள். கல்லறைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவர். அதை நினைக்கும்போது மட்டும் கிறிஸ்துதாஸுக்கு எங்கோ ஏதோ உறைத்தது. வேறெதுவும் உறைக்கவில்லை. வேறொருவன் பட்டறையில் தினக்கூலிக்குப் பிரஸ்ஸில் அச்சு மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வருவது ஆஸ்பத்திரிக்காக வாங்கிய கடனின் வட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது.

நாகவல்லி கொரட்டூர் ஸ்டேஷன் வாசலில் இட்லி வண்டி போட்டிருந்தாள். கிறிஸ்துதாஸ் ஒரு வருஷமாக ஸ்டேஷன் வழியாகப் போகாமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனார்.

அந்தச் சமயத்தில்தான் ஹான் சாரிடமிருந்து போனில் ஒரு குரல் செய்தி வந்தது.

"தாஸண்ணே, ஹான் பேசறேன். சௌக்கியமா? சனிக்கிழமை மெட்ராஸ் வரேன். என் பையன் கேம் இருக்கு. பூந்தமல்லி தாண்டி, திருமழிசை ரோடு, பெரிய ஹால். நீ கண்டிப்பா வரணும். டிக்கெட் என்னுது."

கிறிஸ்துதாஸ் அதை மூன்று முறை கேட்டார். அந்த 'கண்டிப்பா' என்ற வார்த்தை அவருக்குப் பழகிய வார்த்தை. போவது, பாக்கியைக் கேட்பது, வாங்குவது, புதன்கிழமைக்குள் நாகவல்லிக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தார். பாக்கி வசூலிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எஸ்டேட்டில் மூன்று பேர் ஓடி ஒளிந்திருக்கிறார்கள், மூன்று பேரையும் பிடித்திருக்கிறார். ஆனால் இரண்டு கொள்கை வைத்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மனுஷனிடம் பாக்கி கேட்கமாட்டார். பிள்ளை பரீட்சையில் உட்கார்ந்திருக்கிற தகப்பனிடமும் கேட்கமாட்டார். நாற்பது வருஷத் தொழிலில் இந்த இரண்டையும் அவர் மீறியதில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் ஹான் சார் நின்றுகொண்டிருந்தார். தலை நரைத்து, தொப்பி போட்டு, பாதியாக இளைத்திருந்தார்.

"இன்னா ஹான் சார், ஊட்ல சோறு போடறதில்லயா?"

"சோறு இருக்கு தாஸண்ணே. வேலை இல்லே" என்றார் ஹான் சார். பிறகு சட்டென்று இரண்டு காலையும் சேர்த்து நின்று, சட்டைக்குள்ளிருந்து ஒரு வெள்ளை உறையை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பு வளையக் குனிந்து நீட்டினார். "ரோஸியம்மாவுக்கு" என்றார்.

கிறிஸ்துதாஸ் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அனுதாபக் கடிதம். இதுபோல வீட்டில் ஒரு துணிப்பை நிறைய இருந்தது. கோயில் பங்குச் சபையிலிருந்து, மாதர் சங்கத்திலிருந்து, ஆவடி மச்சினன் குடும்பத்திலிருந்து, தடித்த அட்டையில் சிலுவையும் லில்லிப் பூவும் போட்டு, உள்ளே ஒரு வசனத்தோடு வந்தவை. முதல் இரண்டைப் பிரித்தார், படித்தார், ஒன்றும் ஆகவில்லை. மற்றதைப் பிரிக்கவே இல்லை. ஹான் சார் கொடுத்ததும் அந்தக் கணக்கிலேயே பிரிக்கப்படாமல் சட்டைப் பையில் உட்கார்ந்துவிட்டது.

"சார், நம்ம அந்த..." என்று ஆரம்பித்தார்.

"வா வா, லேட் ஆகுது" என்று ஹான் சார் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

வாசலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். எல்லாம் இருபது வயதுப் பையன்கள், பெண்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தனி வரிசை. அங்கே நின்ற மோகனப்பிரியா என்ற பெண் ஹான் சாரின் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவர் மணிக்கட்டில் தங்க நிறப் பட்டை ஒன்றைக் கட்டினாள். பிறகு, "தாத்தா, கைய நீட்டுங்க" என்றாள்.

"யாரும்மா தாத்தா? நான் நின்னா பிரஸ் ஓடும், தெரியுமா?"

"சரி அங்கிள், பிரஸ் கைய நீட்டுங்க."

அவருக்கும் அதே தங்கப் பட்டை. பிறந்ததிலிருந்து அம்பத்தூரை விட்டு வேலூருக்கு அந்தப் பக்கம் போகாத கிறிஸ்துதாஸ், வீட்டிலிருந்து அரைமணி தூரத்தில் வெளிநாட்டு விருந்தாளியாக உள்ளே போனார். பின்னால் வந்த பையன்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"மாமே, பெருசு எந்த டீம் கோச்சுடா?"

"கொரியா டீம்டா. மூஞ்சியப் பாத்தா தெர்ல? சும்மா கம்முனு கீறாரு பாரு."

உள்ளே குளிர். இருட்டு. மேடைமேல் நீல வெளிச்சத்தில் வரிசையாக மேஜைகள், ஒவ்வொரு மேஜையிலும் நாலு நாலு பேர், கையில் போன், காதில் பெரிய ஹெட்போன். அவர்களுக்குமேல் சினிமாத் திரையைவிடப் பெரிய திரை. ஹான் சார் விரலை மடக்கி மடக்கி விளக்கினார். பதினாறு டீம். ஆகாய விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிப்பார்கள். துப்பாக்கி தேடுவார்கள். ஒரு வட்டம் வரும், அது சுருங்கிக்கொண்டே போகும், வெளியே நின்றால் சாவு. கடைசியில் உயிரோடு இருக்கிற டீமுக்கு அதிக மார்க். இன்றைக்கு ஆறு ஆட்டம். மார்க்கை ஒன்றாகக் கூட்டி முதல் மூன்று டீம் நாளைக்குப் போகும்.

"பையன் எங்க?"

"இடது பக்கம், நாலாவது டேபிள். மின்ஜே. வெள்ளைத் தலை."

தலைமுடிக்கு வெள்ளைச் சாயம் பூசிய ஒல்லிப் பையன் ஒருவன் குனிந்திருந்தான்.

"ஊர்லேயே, வராதே சொன்னான்" என்றார் ஹான் சார். "நான் பார்த்தா கை நடுங்கும் சொன்னான். அதான் தொப்பி."

ஆட்டம் தொடங்கியது. யார் யாரைச் சுட்டார்களோ, மண்டபமே எழுந்து கத்தியது. பக்கத்திலிருந்தவர்கள் காற்றடைத்த குச்சிகளைத் தட்டினார்கள். மேடைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் தமிழும் இங்கிலீஷும் கலந்து மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். ஒலிபெருக்கியின் அதிர்வு நெஞ்சில் இடித்தது. பத்து டன் பிரஸ் அடிக்கும்போது தரை அதிர்வதைப் போல. பிரஸ் அடிக்கும்போது கிறிஸ்துதாஸுக்கு உள்ளே ஏதாவது எழும்பும். இங்கே இடித்தது, அடங்கியது, மறுபடி இடித்தது. நாலாயிரம் பேர் கத்துகிற இடத்தில் அவர் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு, டாக்டர் கூப்பிடக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

முதல் ஆட்டம் முடிந்து இடைவேளை விட்டார்கள். இப்போது கேட்டுவிடலாம் என்று திரும்பினார். ஹான் சார் ஒரு வாளி பாப்கார்னோடு வந்து உட்கார்ந்தார்.

"எவ்ளோ சார் இது?"

"முன்னூறு."

"முன்னூறா! ஒரு மூட்ட சோளம் வாங்கலாம் சார் அதுக்கு."

"சாப்பிடு, சாப்பிடு" என்றார் ஹான் சார், வாய் நிறைய மென்றபடி. சாப்பிடுகிற மனுஷன். கிறிஸ்துதாஸ் வாயை மூடிக்கொண்டார்.

இரண்டாவது இடைவேளையில் ஹான் சார் ஊரிலிருந்து கொண்டுவந்த கடல்பாசித் தாள்களைப் பிரித்தார். மூன்றாவதில் சமோசா. நடுவில் இரண்டு பெண்கள் வந்து, "அங்கிள், கொரியாவா? ஒரு செல்பி" என்று நின்றார்கள். ஹான் சார் வாயில் சமோசாவோடு சிரித்தார். "இன்னொரு கொரியா அங்கிளும் வாங்க" என்று கிறிஸ்துதாஸையும் நடுவில் நிறுத்திக்கொண்டார்கள். ஹான் சார் பதற்றத்தில் தின்கிறவர் என்பது கிறிஸ்துதாஸுக்கு அப்போதுதான் புரிந்தது. வாய் ஓயும் நேரம் பார்த்தால் ஆட்டம் தொடங்கிவிடும். ஆட்டம் நடக்கையில் அந்தத் தகப்பனின் கை தொப்பியின் விளிம்பைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருக்கும். அது பரீட்சை இல்லையென்றால் பின் எதுதான் பரீட்சை?

நாலாவது ஆட்டம் முடிந்தபோது மின்ஜேயின் டீம் இரண்டாவது இடம். அஞ்சாவதில் மூன்றாவது. ஆறாவது ஆட்டத்தில் வட்டம் சுருங்கி ஒரு தென்னந்தோப்பின் அளவுக்கு வந்தபோது அவன் டீமில் மின்ஜே மட்டும் உயிரோடிருந்தான். திரை முழுக்க அவன் ஒளிந்திருந்த பாறை. ஹான் சார் எதையும் தின்னவில்லை. எங்கிருந்தோ ஒரு குண்டு வந்தது. திரை சாம்பல் நிறமானது. மண்டபம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது, சுட்டவர்கள் நம்மூர்ப் பையன்கள் என்பதால்.

"போச்சு" என்றார் ஹான் சார்.

மொத்தத்தில் ஐந்தாவது இடம். நாளைக்கு இல்லை. மேடையில் வெள்ளைத்தலைப் பையன் ஹெட்போனைக் கழற்றினான். தோற்றவன் எதையாவது தூக்கி எறிவான் என்று கிறிஸ்துதாஸ் பார்த்தார். அவன் ஹெட்போன் வயரை நாலு விரலில் நிதானமாகச் சுற்றி, முனையைச் செருகி, மேஜைமேல் நேராக வைத்தான். பிறகு நாற்காலியை உள்ளே தள்ளினான். வேலை தெரிந்த பையன். பட்டறையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் நினைத்தார். பட்டறை இல்லை என்பது பிறகு ஞாபகம் வந்தது.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் இரண்டு பேரும் நின்றார்கள். ஹான் சார் கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குடித்தார். கிறிஸ்துதாஸ் அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை. கால். அடியில் கொஞ்சம். பரீட்சை முடிந்துவிட்டது, டீயும் முடியப் போகிறது. பிள்ளை தோற்ற அன்றைக்குக் கேட்கலாமா என்று கொள்கையில் ஒன்றும் சொல்லவில்லை. அதுவரை அப்படி ஒரு நிலைமை வந்ததில்லை.

தம்ளர் கீழே வைக்கப்பட்டது.

"ஹான் சார். தப்பா நெனைக்காத. அந்த ஒம்போது லோடு பாக்கி. எனக்கு இல்ல. நான் ஒருத்திக்குக் குடுக்கணும். புதன்கெழமைக்குள்ள."

ஹான் சார் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் சட்டைப் பையைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"கம்மியா இருக்கா தாஸண்ணே?"

"இன்னா கம்மி?"

"காலைலே குடுத்தேன்" என்றார் ஹான் சார்.

கிறிஸ்துதாஸ் உறையை எடுத்துப் பிரித்தார். சிலுவை இல்லை, பூ இல்லை. நூறு டாலர் தாள்கள். நடுவில் மடித்த ஒரு காகிதம், அதில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய ஒன்பது சலான் எண்கள், ஒன்பது தொகைகள், கீழே கூட்டல். ஒரு சைபர்கூடத் தப்பாக இல்லை.

"எங்க ஊர்லே வெள்ளைக் கவர்லேதான் குடுப்போம். சாவுக்கும். கடனுக்கும்."

"கம்பெனி குடுத்துச்சா?"

"கம்பெனி இல்லே. கம்பெனி செத்துப் போச்சு. நான்."

"நீ எதுக்கு சார் குடுக்கணும்? உன் பேர்லயா பில்லு?"

ஹான் சார் காலித் தம்ளரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். "ரோஸியம்மா போன் பண்ணாங்க. ஆஸ்பத்திரிலேர்ந்து. ரெண்டு தடவை. 'உங்ககிட்ட அவரு கேக்கமாட்டார் சார், நான் கேக்கறேன், பட்டறைல ஒரு பொண்ணுக்குச் சம்பளம் குடுக்கணும்'னு. நான், வரும் சொன்னேன். கண்டிப்பா சொன்னேன். அவங்க போனப்புறம்தான் என் கைலே பணம் வந்துச்சு."

லாரி ஒன்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டு போயிற்று. கிறிஸ்துதாஸ் கண்ணைக் கொட்டாமல் நின்றார். ஊரெல்லாம் 'எவன்கிட்டயும் கை நீட்டாதவன் நான்' என்று சொல்லித் திரிந்த காலத்தில், கையில் ஊசி குத்தியிருக்க, அவள் போனில் நம்பரைத் தேடியிருக்கிறாள். அழுகை வருமா என்று பார்த்தார். வரவில்லை. விரல் நுனியைப் பார்த்தார். பிறகு அவர் வழக்கப்படி, கொடுத்தவர் முன்னாலேயே, சத்தமாக, ஒவ்வொரு தாளாக எண்ணினார். முப்பத்து மூன்று.

"சரியா இருக்கு" என்றார். "பையன் கைவேலை சுத்தம் சார். வயரைச் சுத்தி வச்சான் பாரு. அவன்கிட்ட சொல்லு."

"தொப்பி எடுத்துட்டுச் சொல்றேன்" என்றார் ஹான் சார்.

திங்கட்கிழமை குமணன்சாவடியில் பணம் மாற்றிக் கொடுக்கும் யூசுப் பாய் கடைக்குப் போனார். ஹான் சார் அங்கே குடியிருந்த காலத்திலிருந்து தெரிந்த கடை. பாய் தாளை விளக்கில் காட்டிப் பார்த்து, கணக்குப் போட்டு, "ரெண்டு எழுபத்து மூணு தொள்ளாயிரம்" என்றார். பாக்கியில் நூறு ரூபாய் குறைந்தது. பத்து ரூபாய் குறைந்தாலும் கம்பெனி வாசலில் போய் நிற்கிறவர் கிறிஸ்துதாஸ். அன்றைக்குக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை ஏரிக்கரையைச் சுற்றவில்லை. நேராக ஸ்டேஷன் வாசலுக்குப் போனார். ஆபீஸ் போகிறவர்கள் வண்டியைச் சுற்றி நின்று அவசரமாகத் தின்றுகொண்டிருந்தார்கள். நாகவல்லி ஆவி பறக்கும் தட்டிலிருந்து இட்லிகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கை நிற்கவில்லை, வாய் மட்டும் திறந்தது.

"இன்னா மொதலாளி, ஏரில தண்ணி ஏறிடுச்சா? இந்தப் பக்கம் வந்துகினு கீறீங்க!"

"வாய மூடு. கைய நீட்டு."

"இட்லி துன்றீங்களா?"

"அப்பறம். கைய நீட்டுன்னேன்."

அவள் அவர் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். "நாளைக்குக் கோயில்ல குடுக்கலாமில்ல மொதலாளி. ஜனம் நிக்குது."

"நாளைக்கு வேற வேல கீது."

நாகவல்லி மாவுக் கையை முந்தானையில் துடைத்தாள். மறுபடி ஒருமுறை துடைத்தாள். பிறகு உள்ளங்கையை விரித்து நீட்டினாள். நடுவில் பழைய தகட்டு வெட்டுத் தழும்பு ஒன்று குறுக்கே ஓடியது. கிறிஸ்துதாஸ் ஐந்நூறு ரூபாய்த் தாளை ஒவ்வொன்றாக வைத்தார். ஒன்று. இரண்டு. தட்டை ஏந்தி நின்றவர்களில் ஒருவன் சட்னி கேட்டான், யாரும் கவனிக்கவில்லை. முப்பதைத் தாண்டியபோது பணம் வழுக்கப் பார்த்தது. அவள் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் எண்ணிக்கையை விடவில்லை. எழுபத்து நாலு. எழுபத்தைந்து. கடைசித் தாளை வைத்து, அது காற்றில் பறக்காமல் தன் விரலால் ஒரு கணம் அழுத்தி, "எழுபத்தாறு" என்றார்.